மனுவில் வராத படை

இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்துவிட்டுச் சிவகங்கைப் பக்கம் திரும்பி வந்த மலாயாக்காரர்களிடம் ஆளுக்கு இரண்டு கதைகள் இருந்தன. ஒன்றை என் அப்பா எழுதினார். இன்னொன்றை நான் ஒலிநாடாவில் பதிந்தேன்.

அப்பா தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு ரெமிங்டன் தட்டச்சு மெஷின், கார்பன் தாள், குண்டூசி டப்பா. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பணம் என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் 1972க்குப் பிறகு புது வகை ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்திருந்தது. மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. 1980இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும், பெண்களுக்கு மட்டும் அதை 1980இல் மூன்று மாதமாக்கினார்கள். அதற்குச் சிறைச் சான்று காட்ட வேண்டும். அது கிடைக்காவிட்டால் கூடச் சிறையிருந்த ஒருவர் எழுதித் தரும் சான்று வேண்டும்.

கடல் கடந்து ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ அடைபட்டுக் கிடந்தவன் சான்றுக்கு எங்கே போவான்? தோல்வி நெருங்கியபோது ஐ.என்.ஏ. தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் வெள்ளைக்காரனுக்குப் பயந்து மிச்சமிருந்த போட்டோவையும் பட்டைகளையும் அடுப்பில் போட்டார்கள். ஆகவே இவர்களுக்குக் கதைதான் சான்று. அந்தக் கதையை அதிகாரி படிக்கும்படி ஒரு பக்கத்துக்குள், தேதியோடு, தடங்கல் இல்லாமல் சொல்லத் தெரிந்தவர் அப்பா.

அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியில் கார்பன் நகல்கள் கிடைத்தன. வரிசையாக வைத்துப் படித்தால் எல்லாம் ஒரே ஆள் வாழ்க்கை போல இருக்கும். நேதாஜியின் அறைகூவலைக் கேட்டு, குடும்பத்தைத் துறந்து, படையில் சேர்ந்து, பர்மா முனையில் போரிட்டு, பெரும் இன்னல்களுக்கு ஆளாகி, ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு, இன்ன மாதம் இன்ன தேதி விடுதலையாகி, நாளது வரை வறுமையில் வாடி. அப்பா பொய் எழுதவில்லை. படிவம் எதைக் கேட்டதோ அதை எழுதினார். அந்த ஒரு பக்கம் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்தது. ஆனால் அதே ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசியது வேறு. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது அந்தப் பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். வரலாறு படித்து, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டீச்சராகி, எண்பதுகளின் கடைசியில் கையில் ஒரு டேப் ரிக்கார்டர் வந்ததும் நான் தேடிப் போனது அந்தப் பேச்சைத்தான்.

இந்தப் படையில் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து மோகன் சிங் கட்டிய முதல் படையில் பெரும்பாலும் வடநாட்டுச் சிப்பாய்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருக்கும் ஜப்பானியருக்கும் ஒத்துவராமல் அவரையே சிறைவைத்தார்கள், படை கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியதும் கதை மாறிற்று. ஜூலை 9ஆம் தேதி பாடாங் மைதானக் கூட்டத்தில் அவர் கேட்டது ராணுவத்தாரை மட்டுமல்ல, மூன்று கோடி டாலரையும் மூன்று லட்சம் பேரையும். கேட்டது மலாயா, பர்மா இந்தியர் எல்லாரையும். மலாயா இந்தியர் என்றால் அன்றைக்கு முக்காலே மூணுவீசம் தமிழர், அதிலும் ரப்பர்த் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள். அங்கிருந்து பையன்கள் வந்து சேர்ந்தார்கள். பஞ்சாபி ஹவில்தார் இந்துஸ்தானியில் கத்தக் கத்த, அதுவரை பால்வெட்டுக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடிக்காத கைகள் துப்பாக்கி பழகின.

அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? மனுவில் இதற்கு ஒரே பதில். ஒலிநாடாவில் இப்படி:

“ரப்பர் வெட்டு நின்னு போச்சு தாயி. வாங்குறதுக்கு ஆள் இல்ல. அரிசி இல்ல. மரவள்ளிக்கிழங்குதான், காலைல கிழங்கு, ராத்திரி கிழங்கு. அப்பத்தான் சயாமுக்கு ஆள் புடிக்க ஆரம்பிச்சான். கங்காணி பேர் எழுதுவான், லாரி வரும். போனவன் ஒருத்தனும் கடுதாசி போடல. நம்ம சேக்காளி ஒருத்தன் சொன்னான், ஐயனியேல சேர்ந்துட்டா சயாமுக்குப் பிடிக்க மாட்டான்னு. மறுநாளே ஓடிட்டேன்.”

சயாம் என்று அவர் சொன்னது பான்போங்கிலிருந்து தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் அறுத்துப் போட்ட ரயில் பாதை. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பட்ட பாடு உலகத்துக்குத் தெரியும். சினிமாவே எடுத்தார்கள். அவர்களைவிடப் பெருந்தொகையாக ஆசியத் தொழிலாளர் அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள், அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர். அந்த லாரிக்குத் தப்பத்தான் பையன் படையில் சேர்ந்தான். இதைச் சொன்ன அதே தாத்தா, இரண்டு மூச்சு விட்டு, “ஆனா சேர்ந்த பெறகு அவரு பேசினதக் கேட்டுட்டா, அந்த மனுசனுக்காகச் சாகலாம்னு தோணிரும்” என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. உயிருக்குப் பயந்து சேர்ந்தவன் உயிரைக் கொடுக்கத் துணிந்தான் என்பது எனக்கு முழுத் தேசபக்தியைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. படிவத்தில் முதல் பாதிக்கு இடமில்லாததால் இரண்டாவது பாதியின் கனம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்த நாடாவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அந்தத் தாத்தாவின் மனு அவர் எழுதியதுதான். கடைசி வரை கேட்டார். “இத நான் எழுதியிருந்தா மனு தள்ளுபடி ஆயிருக்கும்மா” என்றார். பிறகு, “நீ எழுதி வை” என்றார்.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், நேதாஜியைப் பற்றி முதலில் கேட்கக் கூடாது என்பது. கேட்டால் முதுகு நிமிரும், குரல் மாறும், மனு வெளியே வரும். நான் சாப்பாட்டிலிருந்து தொடங்குவேன். முகாமில் காலையில் என்ன கொடுப்பார்கள்? யார் சமைத்தது? எந்தப் பாத்திரத்தில் வாங்கினீர்கள்? யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எத்தனையோ பேருக்கு அணை உடைந்தது. போஸின் படையில் மதத்துக்கும் சாதிக்கும் தனிச் சமையல் கிடையாது; ஒரே லங்கர், ஒரே வரிசை. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் தோட்டத்து லயத்தில் தனி வரிசை வீடும் தனிக் குழாயும் கண்டு வளர்ந்த ஒருவர், தன் தட்டில் ஒரு பிள்ளைமார் வீட்டுப் பையன் கை வைத்து ரொட்டி எடுத்த நாளைச் சொல்லும்போது, அது புத்தகத்தில் இருக்கிற செய்தி அல்ல. “எடுத்துத் தின்னான். நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். ஊர் திரும்பியபோது டீக்கடையில் அவருக்கு மறுபடி தனிக் குவளை. அதையும் சொன்னார். அவருடைய மனுவில் இந்த இரண்டுமே இல்லை.

போர் பற்றிப் பேச்சு வருவது கடைசியில்தான். இம்பால் படையெடுப்பு 1944இல் நடந்தது. ஏப்ரல் 14ஆம் தேதி மொய்ராங்கில் கொடி ஏறியது. மழை வந்தது, மலேரியா வந்தது, பின்வாங்கல். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களில் நிறையப் பேருக்குப் போர் என்றால் அதற்கு அடுத்த ஆண்டு ஐராவதி ஆற்றங்கரை. 1945 பிப்ரவரி நடுவில் ந்யாங்கூவில் பிரிட்டிஷ் தரப்பின் ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடந்தது. ஐ.என்.ஏ. அதிகாரி தில்லானின் ரெஜிமென்ட் கரையில் நின்றது. பீரங்கி கிடையாது, விமானம் கிடையாது. ஒருவர் சொன்னார்: கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு சாப்பர் சிப்பாய் தண்ணி பாட்டிலை நீட்டினான், நான் வாங்கிக் குடித்துவிட்டு “தேங்க்ஸ்” என்றேன், அவன் தமிழில் “எந்த ஊரு?” என்றான். மெட்ராஸ் சாப்பர்ஸ் பதினான்காம் ராணுவத்தோடு பர்மா முழுக்க வேலை செய்தார்கள். பாலம் போட்டார்கள், படகு ஓட்டினார்கள். தாத்தா “திருப்பத்தூர் பக்கம்” என்று சொல்ல, அவன் தன் அக்காவைக் கொடுத்த ஊர் அங்கேதான் என்று சொல்லி இன்னொரு தரம் தண்ணீர் கொடுத்தானாம். எதிரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததை எந்தத் தியாகி மனுவில் எழுதுவான்? அந்த சாப்பர் சிப்பாயும் எங்கோ ஓர் ஊரில் கிழவனாகி இறந்திருப்பார். வெள்ளைக்காரன் படையில் இருந்தவர் என்பதால் அவரை மேடையில் ஏற்றவும் ஆளில்லை, கேட்டு எழுதவும் ஆளில்லை. வட ஆப்பிரிக்காவுக்கும் பர்மாவுக்கும் போன ஆயிரக்கணக்கான மதராஸ் சிப்பாய்களின் குரல் இப்படித்தான் போனது. அதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

பெண்களுக்கு வருகிறேன். ஜான்சி ராணிப் படை 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் முகாம் திறந்தது. தலைமை டாக்டர் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அப்போது இருபத்தொன்பது வயது ஆகவிருந்தது. துணைத் தளபதியான ஜானகி தேவர் கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண். ஈப்போவிலிருந்து ராசம்மாவும் அவருடைய அக்காவும் சேர்ந்தே போனார்கள். ஜானகி பின்னாளில் மலேசிய அரசியலிலும், ராசம்மா பூபாலன் ஆசிரியர் சங்கத்திலும் பெயர் வாங்கினார்கள். படித்தவர்கள் என்பதால் அவர்கள் பேசியது ஆங்கிலத்தில் பதிவாயிற்று. ஆனால் படையில் பெரும்பங்கு கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத்துப் பெண்கள். எத்தனை பேர் என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு, அதில் பாதிகூட இல்லை என்பாரும் உண்டு.

அப்பாவின் தகரப் பெட்டியில் பெண்கள் விதவைகளாகத்தான் வருகிறார்கள். தன் பேரில், தான் செய்ததற்காக மனுக் கொடுத்த பெண் ஒருத்தியும் இல்லை. காரணம் விதியிலேயே இருக்கிறது. ஜான்சி ராணிகளைப் பெரும்பாலும் சிறைவைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறை இல்லை என்றால் தியாகம் இல்லை.

தேவகோட்டைப் பக்கம் ஓர் அப்பத்தா. கல்யாணமாகி மலாயாவிலிருந்து இங்கே வந்து பேரன் பேத்தி எடுத்தவர். அவர் படையில் இருந்தது கணவருக்கு மட்டும் தெரியும், மாமியார் வீட்டில் மூச்சு விடவில்லை. “காக்கிக் கால்சட்டை போட்டு ஆம்பளையோட சுத்தினவன்னு சொல்லிருவாங்கள்ல” என்றார். கணவர் போன பிறகுதான் பேசினார், அதுவும் மருமகள் வயலுக்குப் போன நேரத்தில். சேருவதற்கு அப்பனோ புருஷனோ கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இவர் அப்பா, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வைத்துக் கைநாட்டு வைத்தாராம். கூந்தலை வெட்டிய அன்று அழுத பெண்களைப் பற்றிச் சொன்னார். தான் அழவில்லை, தலை லேசாக இருந்தது என்றார்.

1944 தொடக்கத்தில் இவர்கள் பிரிவைச் சரக்கு வண்டியில் ஏற்றிப் பர்மாவுக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பாதை? அதே சயாம் பாதை. கட்டி முடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. காஞ்சனபுரி தாண்டி வண்டி மெதுவாக ஊரும்போது, பாதையோரம் எலும்பும் தோலுமாய் நின்றவர்கள் தமிழில் கத்தினார்களாம், “எந்தத் தோட்டம்? எந்தத் தோட்டம்?” என்று. உள்ளே இருந்த பெண்கள் கதவிடுக்கு வழியே ஒவ்வொருத்தியாகத் தன் தோட்டத்தின் பேரைக் கத்தினார்கள். அதே தோட்டத்து ஆள் யாராவது நின்றால் வண்டிகூடவே ஓடி வருவான், பெண்டாட்டி பேரைச் சொல்லி இருக்கிறாளா என்று கேட்பான். அப்பத்தா அங்கே நிறுத்திவிட்டார். நாடாவில் நெடுநேரம் மின்விசிறிச் சத்தமும் ஆட்டுக்குட்டி கத்துவதும் மட்டும் கேட்கிறது. எழுத்தில் பெயர்க்கும்போது அந்த இடத்தில் “பேசவில்லை” என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

போர்முனைக்குப் போனீர்களா என்று கேட்டேன். “இல்ல தாயி. மேமியோ ஆஸ்பத்திரில புண்ணு கழுவினேன். புழு எடுத்தேன்.” அவர்கள் சண்டை போட்டதாகப் பிற்காலத்தில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. உயிரோடிருந்த ராணிகளைப் பல நாடுகளில் தேடிப் பிடித்துப் பேசி 2016இல் புத்தகம் எழுதிய வேரா ஹில்டிபிராண்ட், அவர்களை முன்வரிசைச் சண்டைக்கு அனுப்பவே இல்லை என்று காட்டினார். பின்வாங்கும்போது ரயிலைத் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் செத்தார்கள். அது போதாதா? இம்பாலில் அழுகிப் போய் வந்த காலைக் கழுவிய கைக்குத் துப்பாக்கிக் கதை எதற்கு? அப்பத்தா தன்னைக் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது மேடையும் படிவமும்தான்.

இதைச் சொல்வதால் நாடாவில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வேறு தோட்டத்தில் இருந்த பலர் என்னிடம், “நேதாஜி எங்க தோட்டத்துக்கு வந்தாரு, எங்க லயத்து வாசல்ல நின்னாரு” என்று சொன்னார்கள். அவர் மலாயா முழுக்கச் சுற்றினார், ஊர் ஊராக மைதானத்தில் பேசினார். ஆனால் இத்தனை லயத்து வாசலில் நின்றிருக்க முடியாது. லாரியில் ஏறி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்க் கேட்டவர்கள் நாற்பது வருடம் கழித்து அவரைத் தங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு நகரத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி இதே மாதிரி ஒன்றைக் கண்டார். லூயிஜி திரஸ்துல்லி என்ற தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்தான். ஆனால் ஊர்த் தொழிலாளிகள் 1953இல் ஆலையில் கூட்டத்தோடு ஆள்குறைப்பு நடந்தபோது செத்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பெரிய அடி எது விழுந்ததோ அங்கே அந்தச் சாவை வைத்தார்கள். எங்கள் தாத்தாக்களும் அப்படித்தான். துரை குதிரையில் வருவான், கங்காணி கம்போடு வருவான். மரியாதையோடு “நீ வா” என்று கூப்பிட யாரும் அந்த வாசலுக்கு வந்ததில்லை. தேதியை நான் பக்கத்தில் குறித்துவைக்கிறேன். அவர்கள் சொன்னதைத் திருத்துவதில்லை.

இந்தப் படையைப் பற்றி எழுத்தில் இருப்பது யாருடையது என்று பாருங்கள். ஒன்று, பிரிட்டிஷ் விசாரணை அதிகாரிகளின் தாள்கள். ஆட்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறத்தில் தரம் பிரித்தார்கள். விசுவாசம் எவ்வளவு கெட்டது என்பதுதான் அளவு. மற்றது, அதிகாரிகள் சொன்னது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீது நடந்த வழக்கின் பதிவு இருக்கிறது. பீட்டர் வார்ட் ஃபே என்ற அமெரிக்கர் கான்பூருக்குப் போய் லட்சுமியிடமும் பிரேம் சேகலிடமும் பேசிப் பேசியே 1993இல் ஒரு நல்ல புத்தகம் எழுதினார். சிங்கப்பூரில் 1979இலேயே அரசு வாய்மொழி வரலாற்றுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, ஜப்பானியர் காலத்தைப் பற்றிச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரிடமும் கேட்டுவைத்தார்கள். அந்த நாடு செய்ததில் ஒரு பங்கை நம் பல்கலைக்கழகங்கள் அந்தப் பத்து வருடத்தில் செய்திருந்தால், ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பி வந்த சாதாரணச் சிப்பாய்களின் குரல் மூட்டை மூட்டையாக இருந்திருக்கும். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தைச் செப்டம்பரில் பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். அதற்கு எல்லாரும் கோபப்படுகிறோம். கேட்காமல் விட்டதும் இடித்ததுதான்.

மனுக் கதை 1945, 46இல் முடிந்துவிடும். பேச்சு முடியாது. அணிவகுப்புப் பழகிய பையன்கள் தோட்டத்துக்குத் திரும்பியதும் கங்காணிக்கு முன் குனிய மறுத்தார்கள். கெடாவில் தொண்டர் படை என்று சேர்ந்து கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங் பக்கம் போலீஸோடு மோதல். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி ஐ.என்.ஏ.வில் இருந்தவர், 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1948 ஜூனில் அவசரநிலை வந்ததும் சங்கத்தில் பேர் இருந்தவர்களில் பலரைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் இறக்கிவிடப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். படையில் கற்ற கட்டளைகளை வைத்தே வேலைநிறுத்தத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தியதாகச் சொன்னார். பிறகு, “இந்தப் பக்கத்தை வெளிய போடாத டீச்சர். தம்பி குடும்பம் இன்னும் அங்கதான் இருக்கு” என்றார். அவருடைய மனு ரங்கூன் சிறையோடு நிற்கிறது. அந்த நாடாவின் இரண்டாம் பக்கத்தின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். சொன்னவரின் சொல்லுக்கு மேல் எந்த ஆராய்ச்சியும் இல்லை. சமீபத்தில் அந்தத் தம்பியின் மகள் சுங்கை பட்டாணியிலிருந்து பேசினாள். குடும்பத்தில் எல்லாரையும் கேட்டுவிட்டாளாம், திறந்துவிடலாம் என்றாள். பெரியப்பா பேரை முழுசாகப் போடச் சொன்னாள். எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன், பிறகுதான் சிவப்புச் சீட்டை எடுத்தேன்.

நாடாக்களைக் காப்பது தனி வேலை. அறுபது நிமிட நாடா தடிமன், நிற்கும். தொண்ணூறு நிமிடம் மெல்லியது, சுற்றிக்கொள்ளும். பதிவு முடிந்ததும் பின்பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பதிந்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். கணினிக்கு மாற்றும்போது குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். சுருக்காத கோப்பாக வைத்து, மூன்று பிரதி மூன்று ஊரில் வைத்திருக்கிறேன். எழுத்தில் பெயர்க்கும்போது “போயிருந்தேன்” என்று மாற்றாமல் “போயிருந்தேந் தாயி” என்றே எழுதுகிறேன். ஒரு பதிப்பாளர் நல்ல தமிழில் திருத்தித் தரச் சொன்னார். நல்ல தமிழ் அப்பாவின் மனுவிலேயே இருக்கிறது. அதையும் நாடாவோடு பக்கத்தில் வைத்துத்தான் கொடுப்பேன், இரண்டும் அந்த மனிதருடையவை என்பதால்.

படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் நான் பேசிய யாரும் இன்று இல்லை. ஆனால் பாலசேனை என்று ஒன்று இருந்தது. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளைத் தோட்டத்து மைதானத்தில் நிறுத்தி அணிவகுக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் சிலர் தொண்ணூறு தாண்டி இருக்கிறார்கள். அவர்கள் பேரில் மனுவும் கிடையாது, அதனால் திருத்தமான கதையும் கிடையாது. காளையார்கோவில் பக்கம் அப்படி ஓர் ஐயா இருப்பதாகத் தெரிந்து அவர் மகனிடம் பேசினேன். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, கண் நன்றாகத் தெரியும், எழுதிக் காட்டினால் படித்துவிட்டுப் பேசுவார் என்றார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கேள்விகளைப் பெரிசு பெரிசாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் தாளில்: “அணிவகுப்புக்குப் போகும் முன் காலையில் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?” இரண்டாவது தாளில்: “காலில் என்ன போட்டிருந்தீர்கள்?” மூன்றாவது தாளில்: “பக்கத்தில் நின்ற பையன் பேர் என்ன?”